பொன் வேறு, கல் வேறு
நிச்சயதார்த்த மோதிரம் வாங்குவோர் கவனத்திற்கு



கல்யாணப் பேச்சு முடிந்ததும் இரு வீட்டிலும் முதலில் எழும் கேள்வி மோதிரம் பற்றியதுதான். நமது உம்மம்மாமார் காலத்தில் சிவப்புக் கல் வைத்த ஒரு பொன் மோதிரம் போதுமாக இருந்தது. இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடுத்தரக் குடும்பங்கள்கூட வைர மோதிரம்தான் வேண்டும் என்கின்றன. பெண்கள் வைரம் அணிவது மார்க்கத்தில் ஆகுமானதே. தகுதிக்கு மீறிக் கடன்பட்டு வாங்குவது நல்லதா என்பது வேறு விடயம். வாங்குவது என்று தீர்மானித்த பின் ஏமாறாமல் வாங்குவது எப்படி என்பதையே இங்கு பார்க்கப் போகிறோம்.

பல வீடுகளில் அலுமாரிக்குள் இருக்கும் பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். "வைர மோதிரம் - 1" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே ஒரு பெருந்தொகை இருக்கும். அதில் பொன் எவ்வளவு, அது எத்தனை கரட், கல் எவ்வளவு, அது எந்தக் கல், செய்கூலி எவ்வளவு என்று எதுவுமே இராது. மோதிரம் பற்றிய தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஒற்றை வரியிலிருந்தே பிறக்கின்றன.

கைபரில் வாங்கிய மாலை

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு. கைபர் வெற்றியின்போது பழாலா பின் உபைத் (ரழி) அவர்கள் பொன்னும் மணிகளும் சேர்த்துக் கோத்த ஒரு மாலையை 12 தீனாருக்கு வாங்கினார்கள். பிறகு மணிகளைக் கழற்றிப் பொன்னைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, பொன் மாத்திரமே 12 தீனாருக்கு அதிகமாக இருந்தது. அதாவது இங்கே நட்டமடைந்தவர் விற்றவர். இதை நபி (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, இப்படிப்பட்ட பொருளை வேறு வேறாகப் பிரிக்காமல் விற்கக் கூடாது என்று அவர்கள் கட்டளையிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஹதீஸ் இது.

பொன்னைப் பொன்னுக்கு விற்பது பற்றிய சட்டத்தை ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் இதிலிருந்து எடுத்தார்கள். நாம் மோதிரத்தை ரூபாய் கொடுத்து வாங்குகிறோம் என்பது உண்மை. ஆயினும் இதிலுள்ள பாடம் நமக்கும் உரியது. பொன்னையும் கல்லையும் கலந்து ஒரே விலை சொல்லும்போது, எது எவ்வளவு பெறும் என்பது மறைந்து போகிறது. சில வேளை விற்பவர் நட்டமடைவார். பெரும்பாலும் வாங்குபவர்தான் நட்டமடைவார். ஆகவே செட்டியார் தெருவுக்குப் போனாலும், வெள்ளவத்தை காலி வீதிக்குப் போனாலும், கேட்க வேண்டிய முதல் கேள்வி: "பொன் எவ்வளவு, கல் எவ்வளவு? வேறு வேறாகச் சொல்லுங்கள்."

பழைய நகையைக் கொடுத்து மோதிரம் எடுப்போர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பழைய நகையை விற்றுப் பணத்தைக் கையில் வாங்குங்கள். பிறகு அந்தப் பணத்தால் புதியதை வாங்குங்கள். தரம் குறைந்த பேரீச்சம்பழத்தை இரு மடங்கு கொடுத்து நல்ல பழத்தை மாற்றிக்கொண்ட பிலால் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் காட்டிய வழி இதுவே. வட்டியின் சந்தேகமும் நீங்கும். பழையது எவ்வளவுக்குப் போனது, புதியது எவ்வளவுக்கு வந்தது என்ற கணக்கும் தெளிவாகும்.

ஒரே சொல், இரண்டு அளவு

"கரட்" என்ற சொல் பலரைக் குழப்புகிறது. பொன்னைப் பற்றிச் சொல்லும்போது அது தூய்மையைக் குறிக்கும். 24 கரட் என்பது கலப்பில்லாத பொன். 22 கரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கும், 18 கரட்டில் நூற்றுக்கு 75 பங்கும் பொன் உண்டு. கல்லைப் பற்றிச் சொல்லும்போதோ அது நிறையைக் குறிக்கும். 1 கரட் என்பது 0.2 கிராம். ஐந்து கரட் சேர்ந்தால்தான் ஒரு கிராம். கரட்டின் நூறில் ஒரு பங்கைப் "பொயின்ட்" என்பார்கள். ஐம்பது பொயின்ட் கல் என்றால் அரை கரட் கல்.

வைரத்தை உறுதியாகப் பிடித்து நிற்க வேண்டும் என்பதற்காக, மோதிரத்தைப் பெரும்பாலும் 18 கரட்டில் செய்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் விலை 22 கரட்டுக்குப் போடப்பட்டிருந்தால் என்னவாகும்? 4 கிராம் மோதிரத்தை எடுத்துக்கொள்வோம். 18 கரட்டில் அதிலுள்ள தூய பொன் 3 கிராம். 22 கரட்டில் ஏறத்தாழ 3.67 கிராம். முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைந்த பொன்னுக்கு நீங்கள் வீணாகப் பணம் கொடுத்திருப்பீர்கள்.

கல்லிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "மொத்தம் ஒரு கரட் வைரம்" என்பதும் "ஒரு கரட் வைரக் கல்" என்பதும் ஒன்றல்ல. இருபது சிறு கற்களின் நிறையைக் கூட்டினாலும் ஒரு கரட் வரும். ஆனால் ஒரே கல்லாக உள்ள ஒரு கரட்டின் விலை அதைவிடப் பல மடங்கு. நடுக்கல்லின் நிறையைத் தனியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

மாத்தறை வைரமும் மற்றவையும்

இலங்கை மாணிக்கத்துக்கும் நீலக்கல்லுக்கும் உலகப் புகழ் பெற்ற நாடு. ஆனால் நமது மண்ணில் வைரம் விளைவதில்லை. இங்கே விற்கப்படும் வைரம் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்ததே. ஒரு காலத்தில் "மாத்தறை வைரம்" என்று பெயர் பெற்ற கல் ஒன்று இருந்தது. அது வைரமன்று, நிறமற்ற ஸிர்கோன் கல். பளபளப்பைக் கண்டு வைரத்தின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். பெயரை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு நமது ஊரிலேயே உள்ள பழைய உதாரணம் இது.

இன்று அந்த இடத்துக்கு வேறு கற்கள் வந்துள்ளன. "அமெரிக்கன் டயமன்ட்" என்று சொல்லப்படும் கியூபிக் ஸிர்கோனியா 1970களின் பிற்பகுதியிலிருந்து சந்தையில் உள்ளது. விலை மிகக் குறைவு. அதே பருமனுள்ள வைரத்தைவிட அது ஒன்றரை மடங்குக்கு மேல் நிறை கூடியது. 1990களின் இறுதியில் மொய்ஸனைட் வந்தது. கடைக்காரர்கள் கல்லில் வைத்துப் பார்க்கும் சிறு கருவி வெப்பம் கடத்துவதை மட்டும் அளக்கும் வகையாக இருந்தால், மொய்ஸனைட்டையும் அது வைரம் என்றே காட்டும். ஆகவே கருவி "பீப்" என்று ஒலித்ததைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய வேண்டாம்.

இன்று அதிகம் குழப்பம் தருவது ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட வைரம். 1954இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் செயற்கை முறையில் வைரத்தை உண்டாக்கியது. அது தொழிற்சாலைகளுக்கு உதவும் சிறு துகள். இன்று நகைக்கேற்ற பெரிய கற்களே வளர்க்கப்படுகின்றன. அவை பொய்க் கற்கள் அல்ல; உறுதியிலும் ஒளியிலும் வைரமேதான். கண்ணாலோ கைக்கருவியாலோ பிரித்தறிய முடியாது. ஆனால் மண்ணிலிருந்து எடுத்த வைரத்தைவிட விலை மிகமிகக் குறைவு. அதன் பெயரைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்பது நேர்மையான வியாபாரம். பெயரை மறைத்து விற்பது மோசடி. நனைந்த தானியத்தை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே பரப்பியிருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை நாம் அறிவோம்.

"பேருவளையில் எங்கள் மாமா இருக்கிறார், அவர் பார்த்தால் போதும்" என்று சிலர் சொல்வதுண்டு. சீனன்கோட்டைச் சந்தையில் பழகியவர்களின் கண் நீலக்கல்லில் தேர்ந்த கண் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வைரம் வேறு கல். வளர்த்த வைரத்தை அறிய ஆய்வுகூடமே வேண்டும்.

சோதிப்பது எப்படி?

கல்லைப் பதிப்பதற்கு முன் தனியாகப் பாருங்கள். பதித்த பிறகு நிறையைச் சரியாக அளக்க இயலாது, மதிப்பிடத்தான் முடியும். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபைக்குக் கொழும்பில் கல் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் உண்டு. "இது வைரமா?" என்று மட்டும் கேட்காமல், "இயற்கையானதா, வளர்க்கப்பட்டதா?" என்றும் கேளுங்கள்.

கடை தானே அச்சடித்துக் கொடுக்கும் அத்தாட்சிப் பத்திரம், விற்பவர் தமக்குத் தாமே சாட்சி சொல்வது போன்றது. 1931இல் தொடங்கப்பட்ட ஜி.ஐ.ஏ. போன்ற வெளி நிறுவனத்தின் அறிக்கை இருந்தால், அதன் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். அறிக்கை உண்மையாக இருந்தும் கல் வேறாக இருக்கக் கூடும். ஆகவே நிறையும் நீள அகலமும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். சில கற்களின் விளிம்பில் அறிக்கை எண் நுண்ணிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கும் மார்க்கச் சட்டம் நமக்குக் கை கொடுக்கிறது. பொன்னின் கொடுக்கல் வாங்கல் அந்த இடத்திலேயே முடிந்துவிட வேண்டும். கல்லுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கல்லைத் தனியாக விலை பேசினால், மூன்று நாள் வரை திருப்பித் தரும் உரிமையை நிபந்தனையாக வைத்துக்கொள்ள ஷாபிஈ மத்ஹபில் இடமுண்டு. சோதித்துப் பார்க்க அந்த அவகாசம் உதவும். அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

குறை தெரிய வந்தால்

வாங்கிய பொருளில் மறைந்திருந்த குறை தெரிய வந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஆனால் தெரிந்தவுடன் செயல்பட வேண்டும். "கல்யாணம் முடியட்டும்" என்று அணிந்துகொண்டே இருந்தால், அந்தக் குறையை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். கல்லைச் சோதித்து முடிக்கும் வரை மோதிரத்தை வெட்டிப் பெருப்பிக்கவோ சிறுப்பிக்கவோ வேண்டாம். பொருளின் நிலை மாறினால் திருப்பிக் கொடுப்பது சிக்கலாகும்.

நாட்டுச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. பொய்யான விவரம் சொல்லி விற்பது குற்றம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற எண்ணுக்கு அழைத்து விவரம் கேட்கலாம். ஆனால் "வைர மோதிரம் - 1" என்ற சீட்டை வைத்துக்கொண்டு நீங்கள் எதை நிரூபிப்பீர்கள்?

மோதிரம் மஹரா, வெறும் அன்பளிப்பா என்பதையும் தொடக்கத்திலேயே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். மஹராக இருந்தால் அது மணப்பெண்ணின் சொத்து. வைரம் என்று சொல்லி வேறு கல் வந்திருந்தால், "கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று சொல்லி மாப்பிள்ளை பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

மோதிரம் உங்கள் விரலுக்கு வருகிறது என்றால் அதன் சீட்டும் உங்கள் கைக்கு வர வேண்டும். மாமியிடம் கேட்க வெட்கமாக இருந்தால் வாப்பாவைக் கொண்டு கேளுங்கள். 2022இல் நாடு நெருக்கடியில் தவித்தபோது எத்தனையோ பெண்களின் நகை அடகுக்குப் போனது. அடகு பிடிப்போர் பொன்னின் நிறைக்கே பணம் கொடுப்பார்கள். கல்லைக் கணக்கில் எடுப்பது அரிது. கல்லுக்காகக் கொடுத்த பெரும்பணம் கஷ்ட காலத்தில் கை கொடுக்குமா என்பதை வாங்கும்போதே யோசிக்க வேண்டும்.

நேர்மையான நகை வியாபாரிகள் கொழும்பில் நிறைய இருக்கிறார்கள். பொன் நிறை, பொன்னின் கரட், கல்லின் பெயர், கல்லின் நிறை, செய்கூலி என்று ஐந்தையும் ஐந்து வரியில் எழுதித் தர அவர்கள் தயங்க மாட்டார்கள். தயங்கும் கடையிலிருந்து ஸலாம் சொல்லி எழுந்து வாருங்கள். மஹர் கொடுக்க இரும்பு மோதிரமாவது கிடைக்குமா என்று தேடிப் பார்க்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். சிறியதாக இருந்தாலும் உண்மையானதாக இருக்கட்டும். வல்ல அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கல்களில் பரகத் செய்வானாக!