கடைச் சாவியும் கைப்பேசிச் சாவியும்

நம் திங்களிதழில் சமையற் குறிப்பு எழுதுவோரும் ஊர்ச் செய்தி எழுதுவோரும் பலர் உளர். கணினியையும் இணையத்தையும் பற்றி எழுதுவோர் அரியர். “சிறு தொழில் செய்யும் நம் குடும்பத்தாருக்குப் பயன்படுமாறு ஏதேனும் எழுதுங்கள்” என்று ஆசிரியர் இருமுறை கேட்டுக்கொண்டார். நான் பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி ரயில்வே உத்தியோகத்தில் சேர்ந்தவன். கணினிக் கல்வியில் பட்டம் பெற்றவனல்லேன். ஆயினும் கல்யாண் சந்திப்பில் பயணச்சீட்டு முகப்பில் அமர்ந்து 12 ஆண்டுகளாகக் கணினியோடும் காசோடும் பழகி வருகிறேன். அந்தப் பழக்கத்தைக் காட்டிலும், எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஓர் இடரே என்னை எழுதத் தூண்டியது.

என் பெரியப்பாவின் மகள் டோம்பிவலியில் வசிக்கிறார். 2018-இல் கணவரை இழந்தார். 2020-இல் ஊரடங்கு வந்தபோது, வீட்டிலிருந்த கிரைண்டரையே நம்பி இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கினார். முதலில் தம் குடியிருப்பில் 15 வீடுகளுக்குக் கொடுத்தார். மூன்றாண்டுகளில் வாடிக்கையாளர் ஏறத்தாழ 300 பேராயினர். தமிழர் பாதி, மராத்தியரும் குஜராத்தியரும் மீதி. ஆர்டர் பெறுவது, பணம் வாங்குவது, கடன் குறித்துக்கொள்வது அனைத்தும் ஒரே கைப்பேசியில் நடந்தன.

அந்தக் கைப்பேசியை ஒழுங்குபடுத்தித் தந்தவன் அடுத்த வீட்டுப் பிள்ளை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை ஏற்றி, மாவு, அடை மாவு, இட்லிப் பொடி ஆகியவற்றைப் படத்தோடும் விலையோடும் பட்டியலிட்டான். கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரைப் பதித்தான். கூலியாகக் காலணாவும் கேட்கவில்லை. அத்தகைய நல்ல பிள்ளை செய்த பிழை ஒன்றே: அவசரத்தில் எல்லாவற்றையும் தன் சொந்த மின்னஞ்சலைக் கொண்டே திறந்துவிட்டான். பிறகு சூரத்தில் வேலை கிடைத்து அங்கே சென்றுவிட்டான். தமக்கையாரும் அதைப்பற்றி எண்ணவில்லை. மாவு விற்றது, பணம் வந்தது, வேறென்ன வேண்டும்?

2023 ஆகஸ்டு மாதம், ஒரு மழை நாளில், ரயில் நிலையத்து நெரிசலில் பையிலிருந்து கைப்பேசி களவு போயிற்று. என்னிடம் வந்து, “தம்பி, எட்டாயிரம் ரூபாய்ப் பொருள் போனதைப்பற்றிக் கவலையில்லை. என் கடையே அதற்குள் இருந்ததே!” என்று கண்கலங்கினார்.

புதிய கைப்பேசி வாங்கிவிட்டால் தீர்ந்தது என்றே நானும் நினைத்தேன். பழைய எண்ணுக்கு மாற்று சிம் அட்டை கேட்கப் போனோம். அந்த எண் மறைந்த அத்தானின் பெயரில் இருந்தது. “உரியவர் நேரில் வரவேண்டும்” என்றனர். உரியவர் எங்கிருந்து வருவார்? இறப்புச் சான்றிதழும் வாரிசு ஆவணமும் கொண்டு அலையவேண்டியதாயிற்று. வங்கிக் கணக்கும் அதே எண்ணோடு பிணைந்திருந்தமையால், ஓடிபி வரவில்லை. பணத்தைத் தொட முடியவில்லை. பாஸ்புத்தகமும் ஆதாரும் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்கு நேரில் சென்று எண்ணை மாற்றிய பின்னரே மூச்சு வந்தது. வரைபடத்தில் இருந்த கடையோ பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது; அதைத் திருத்தும் உரிமை சூரத்துப் பிள்ளையின் மின்னஞ்சலுக்கே இருந்தது. ஒன்றரை மாதம் வியாபாரம் பாதியாகக் குறைந்தது.

பிள்ளையின் தாயார் மூலம் அவனைத் தேடிப் பிடித்தோம். அவனுக்கே கடவுச்சொல் மறந்துபோயிருந்தது! நல்லவேளையாக, அவனுடைய பழைய கைப்பேசி ஒன்றில் அந்தக் கணக்கு திறந்தபடியே இருந்தது. வாடிக்கையாளர் எண்கள் முழுவதும் அக்கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தமையால் மீண்டன. கடன் கணக்கோ மீளவில்லை. அதனைக் கைப்பேசியின் குறிப்பேட்டில் மட்டும் எழுதிவைத்திருந்தார். அதற்கு நகல் எங்கும் இல்லை. அவர் நினைவின்படி நிலுவை 18,000 ரூபாய்க்குக் குறையாது.

எங்கள் பயணச்சீட்டு முகப்பில் ஒவ்வோர் எழுத்தருக்கும் தனி அடையாளமும் தனிக் கடவுச்சொல்லும் உண்டு. தேநீர் அருந்த எழுந்தாலும் வெளியேறிவிட்டுத்தான் எழவேண்டும். எவ்வளவு நெருங்கிய நண்பராயினும் அவருடைய அடையாளத்தில் நான் ஒரு சீட்டும் அச்சிடலாகாது. கல்லாவில் பணம் குறைந்தால் அடையாளத்துக்குரியவரே கட்டவேண்டும். அலுவலகத்தில் இவ்வளவு கண்டிப்போடு இருக்கும் நான், தமக்கையார் கடையின் சாவி யாரிடம் இருக்கிறதென்று ஒருநாளும் கேட்டேனில்லை. இவ்வெட்கத்தோடுதான் பின்வருவனவற்றை எழுதுகிறேன்.

முதலில் கைப்பேசி எண். தொழிலுக்குரிய எண் தொழில் செய்பவர் பெயரிலேயே இருக்கவேண்டும். கணவர், தமையனார், வீட்டுச் சொந்தக்காரர் என்று பிறர் பெயரில் இருந்தால், அவர் நலமாயிருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். நம்மவரிடையே வேறொரு வழக்கமும் உண்டு. ஊரில் வாங்கிய பழைய எண்ணை வங்கிக்குக் கொடுத்திருப்போம். இங்கே வந்து புதிய எண்ணில் பேசுவோம். பழையதற்குப் பணம் கட்ட மறப்போம். பயன்படாது கிடக்கும் எண் துண்டிக்கப்படும். துண்டித்து 90 நாள் கழிந்தால் அது வேறொருவருக்குப் போகலாம். உங்கள் வங்கியின் ஓடிபி முன்பின் அறியாத ஒருவர் கையில் சென்று விழும்! திருநெல்வேலிக் கிளையில் கணக்கு வைத்துக்கொண்டு புனேயில் கடை நடத்தும் அன்பர்கள் இன்றே இதைப் பார்த்துவிடுவது நலம்.

அடுத்தது மின்னஞ்சல். கடைக்கென்று ஒரு மின்னஞ்சல் கணக்கை உங்கள் கையாலேயே திறவுங்கள். பிள்ளைகள் அருகிலிருந்து உதவட்டும். கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்னும் வசதியையும் இயக்கிவிடுங்கள். கடவுச்சொல்லைத் திருடியவனும் உங்கள் கைப்பேசி இல்லாமல் நுழைய முடியாது. அப்படியானால் கைப்பேசியே தொலைந்தால் நாமும் நுழைய முடியாதே என்பீர்கள். அதற்கும் வழி உண்டு. கூகுள் கணக்கில் 8 இலக்கம் கொண்ட 10 மாற்றுக் குறியெண்களைப் பெறலாம். ஒவ்வொன்றும் ஒருமுறை செல்லும். அவற்றைக் காகிதத்தில் எழுதி, குடும்ப அட்டையும் பத்திரமும் இருக்கும் பெட்டியில் வையுங்கள். அதே காகிதத்தில் கைப்பேசியின் ஐஎம்இஐ எண்ணையும் எழுதிக்கொள்க. *#06# என்று அழுத்தினால் 15 இலக்கமாக அது தோன்றும். களவு போன கைப்பேசியைக் காவல்துறைப் புகாரோடு இந்த எண்ணைக் கொடுத்து நாடு முழுவதும் முடக்கிவைக்க, தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் 2023 மே முதல் வழி செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் உள்ளன என்பதையும் அங்கேயே காணலாம். பார்த்துத் திடுக்கிட்டவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே இருவர்.

நகல் எடுப்பதில்தான் நம்மவர் சோம்புகின்றனர். வாட்ஸ்அப்பில் நாள்தோறும் தானே நகலெடுக்கும் அமைப்பு உண்டு. அது இயங்குகிறதா என்று ஒருமுறை பாருங்கள். கூகுள் இலவசமாகத் தரும் இடம் 15 ஜிபி. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் படங்களும் உறவினர் திருமண வீடியோக்களும் அதை நிரப்பிவிட்டால் கடைக்கணக்குக்கு இடமிராது. ரோஜாக்களை அவ்வப்போது களைவது அவசியம்.

கடன் கணக்கைக் கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாளில் வையுங்கள்: தேதி, பெயர், பொருள், வரவு, பற்று. ஐந்து பத்திகள் போதும். அது கைப்பேசியில் மட்டும் இராமல் கணக்கோடு சேர்ந்து இருப்பதால், வேறு கருவியிலும் திறக்கலாம். ஆனால் 30 வாடிக்கையாளருக்குக் குறைவாக உள்ளவர்களுக்கு நான் விரிதாளைச் சிபாரிசு செய்யமாட்டேன். இரண்டு ரூபாய்ப் பேனாவும் ஒரு நோட்டும் போதும்; இரவில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். அதுவே நகல்.

இனிப் பணம் வாங்கும் விஷயம். 2016-இல் யூபிஐ வந்த பிறகு சில்லறைத் தொல்லை ஒழிந்தது உண்மை. புதிய தொல்லையும் வந்தது. மாலை 7 மணிக் கூட்டத்தில் ஒருவர் பச்சை நிற ‘வெற்றி’ அடையாளத்தைத் தம் திரையில் காட்டிவிட்டுப் பொருளோடு நகர்வார். அந்தத் திரை போலியாக இருக்கலாம். நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டாகவும் இருக்கலாம். பிறர் திரை நமக்குச் சாட்சியாகாது. நம் வங்கியின் செய்தியோ, நம் செயலியோ, நம் ஒலிப்பெட்டியோ சொன்னால்தான் பணம் வந்ததாகப் பொருள். பணம் பெறுவதற்கு ஒருபோதும் பின் எண் தேவையில்லை. “உங்களுக்கு முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்” என்று யாரேனும் சொன்னால், பணம் உங்களிடமிருந்தே போகப்போகிறது. பெரிய ஆர்டர் தருவதாக, ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லி இவ்வாறு ஏய்ப்போர் உண்டு. காலையில் கடை திறந்ததும் சுவரில் ஒட்டிய கியூஆர் குறியை ஒருமுறை ஸ்கேன் செய்து, வருவது உங்கள் பெயர்தானா என்று பாருங்கள்; மேலே வேறொன்றை ஒட்டிச்செல்வோரும் உளர். இரவில், எங்கள் முகப்பில் செய்வதுபோல், கல்லாப் பணம், யூபிஐ வரவு, கடன் ஆகிய மூன்றையும் கூட்டி விற்பனையோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை. அன்றன்று பார்த்தால்தான் பிழை அகப்படும். மாதக் கடைசியில் பார்த்தால் தலைவலி மட்டுமே மிஞ்சும்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். திருடன் பணத்தை எடுத்துவிடுமுன் வழியிலேயே நிறுத்திவைக்க இயலும். தாமதிக்குந்தோறும் அவ்வாய்ப்பு குறையும்.

இலவசமாகக் கிடைப்பதற்குப் பணம் கேட்போரிடமும் ஜாக்கிரதை தேவை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணமே இல்லை. அரசுத் தளம்போலவே தோற்றமளித்து ஆயிரம் இரண்டாயிரம் பறிக்கும் தளங்கள் பல. வரைபடத்தில் கடையைச் சேர்ப்பதற்கும் கட்டணமில்லை. “கூகுளிலிருந்து பேசுகிறேன், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடையை நீக்கிவிடுவோம்” என்று மிரட்டுபவரிடம் வணக்கம் சொல்லி இணைப்பைத் துண்டித்துவிடலாம்.

கணினி வாங்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். ரசீதும் பட்டியலும் நிறைய அச்சிடவேண்டியவர்கள் வாங்கலாம், மற்றோர் பொறுக்கலாம். பழைய கணினி மலிவாகக் கிடைக்கிறதென்று எடுப்பவர்கள், விண்டோஸ் 11 அதில் இயங்குமா என்று கேட்டபின் காசு கொடுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. தமிழில் விலைப்பட்டியல் அடிப்பவர்கள் யூனிகோட் எழுத்துருவிலேயே அடிக்கவேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த ‘இட்லிப் பொடி’ அடுத்தவர் கணினியில் புள்ளியும் கோடுமாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள்.

தமக்கையாரின் நிலுவைக்கு வருகிறேன். எண்கள் மீண்டதும், “கணக்கு தொலைந்துவிட்டது. தாங்கள் தரவேண்டியது எவ்வளவென்று தாங்களே சொல்லுங்கள்” என்று தமிழிலும் இந்தியிலும் அனைவருக்கும் செய்தி அனுப்பினார். அனுப்பவேண்டாம், ஏமாற்றிவிடுவார்கள் என்று தடுத்தவன் நான். இரண்டு வாரத்தில் 14,000 ரூபாய்க்கு மேல் வந்துசேர்ந்தது. மூன்றாம் மாடியில் வாழும் மராத்திய ஆசிரியை ஒருவர் சமையலறை நாள்காட்டியையே கழற்றி எடுத்துவந்தார். பால்காரருக்குக் குறிப்பதுபோல, மாவு வாங்கிய தேதிகளில் எல்லாம் பென்சிலால் சிறு வட்டமிட்டு வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தபோது 23 வட்டங்கள். தமக்கையார் நினைவிலிருந்ததோ 19.

இப்பொழுது தமக்கையாரின் கடையெண் அவர் பெயரில் இருக்கிறது, விரிதாளும் இருக்கிறது, பெட்டிக்குள் காகிதமும் இருக்கிறது. கிரைண்டருக்கு மேலே ஒரு நாள்காட்டியும் தொங்குகிறது.