இருட்டுக் கடலில் ஒரு பவளத் தோட்டம்

பவளம் என்றதும் வெதுவெதுப்பான நீலக் கடல்தானே நினைவுக்கு வருகிறது? பனி கொட்டும் நார்வே தேசத்துக் கடலடியிலும் பவளப் பாறைகள் இருக்கின்றன! ஆயிரம் அடி ஆழம், சூரியன் எட்டிப் பார்க்காத இருட்டு, ஜில்லென்ற தண்ணீர்.

இது மாலை கோக்கும் சிவப்புப் பவளம் அல்ல, பெரும்பாலும் வெண்ணிறம். வெப்பக் கடலில் வாழும் பவள உயிர்களுக்கு, உடம்புக்குள் குடியிருக்கும் பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு சமையல் செய்து போடுகின்றன. இருட்டில் வாழ்பவற்றுக்கு அந்தச் சௌகரியம் ஏது? நீரோட்டம் கொண்டு வருவதைச் சின்னஞ்சிறு கைகளால் பிடித்துத் தின்ன வேண்டியதுதான். கிளைகள் வருஷத்துக்கு ஓர் அங்குலம் வளர்வதே அரிது. ஒரு பாறை உருவாக ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகும்.

டிராண்ட்ஹைம் நகரத்துப் பிஷப் கன்னரஸ் 1768-லேயே இப்பவளங்களைப் பற்றி எழுதினார். ஆனால் அவை இருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்ப்பது யார்?

1990-களில், தூண்டில் போட்டுப் பிழைக்கும் மீனவர்கள் முறையிட்டார்கள். கடலடியை வாரிக்கொண்டு போகும் பெரிய இழுவை வலைகள் பவளத்தை நொறுக்குகின்றன, அங்கே மீனே கிடைப்பதில்லை என்றார்கள். பெர்கன் நகரத்துக் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 1998-ல் ஒரு யந்திரத்தைக் கடலுக்குள் இறக்கினார்கள். அதில் மனிதர் இல்லை; விளக்கும், காமிராவும், சுழல் விசிறிகளுமே உண்டு. கப்பலில் உட்கார்ந்தவர் திரையைப் பார்த்தபடி, நீண்ட கேபிள் வழியே அதை ஓட்டினார்.

திரையில் முதலில் தெரிந்தது ஒரு நந்தவனம். கிளைகளுக்கிடையே செந்நிற மீன்கள் நிழலாடின. சற்று அப்பால் சுடுகாடு! வலையின் கனத்த பலகைகள் உழுத தடமும், பொடியான பவளமுந்தான் மிச்சம். நார்வேயின் பவளத்தில் 30 முதல் 50 சதவிகிதம் வரை சேதமடைந்திருக்கலாம் என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள்.

படம் பேசியது, சர்க்கார் கேட்டது. 1999-ல் பவளத்தைக் காக்கச் சட்டம் வந்தது. 2002-ல் ரோஸ்ட் தீவருகே சுமார் 35 கிலோமீட்டர் நீளமுள்ள பிரம்மாண்டமான பாறை கண்டுபிடிக்கப்பட்டது. மறு வருஷமே அங்கு இழுவை வலைக்குத் தடை விதித்துவிட்டார்கள்.

நொறுங்கிய கிளையை ஒட்ட வைக்க அந்த யந்திரத்தால் முடியாது. ஆனால் மீனவர்கள் சொன்னது மெய் என்று அது ஊருக்குக் காட்டிவிட்டது. மிச்சமுள்ள தோட்டம் பிழைக்க அது போதாதா?