நீர் மாத்திரையும் களைத்த இருதயமும்



கல்வராயன் மலையிலிருந்து சின்னசேலம் பக்கம் பஸ்ஸில் இறங்கி வரும் இருதய நோயாளிகளில் சிலர், அன்று காலை மட்டும் மாத்திரை போடாமல் வருகிறார்கள். வழியில் சிறுநீர் முட்டினால் எங்கே இறங்குவது? சகோதரிகளுக்கு இந்தக் கவலை இன்னும் அதிகம். ஆகவே அந்த "நீர் மாத்திரை"யைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதுகிறோம்.

லூக்கா 14-ம் அதிகாரத்தில் கர்த்தர் சொஸ்தமாக்கிய மனுஷனுக்கு இருந்த வியாதி நீர்க்கோவை. அதற்குக் காரணங்கள் பல. இருதயத் தளர்ச்சி அவற்றில் முக்கியமானது. இருதயம் பலவீனமானால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. சிறுநீரகமோ, உடலில் தண்ணீர் வற்றிவிட்டதாக எண்ணி, உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. கால் வீங்குகிறது. நுரையீரலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டுகிறது.

1960-களில் புழக்கத்துக்கு வந்த ஃபுரோசிமைடு மாத்திரையைப் பலர் லாசிக்ஸ் என்றே அறிவார்கள். சிறுநீரகம் உப்பைத் திரும்ப இழுத்துக்கொள்வதை அது தடுக்கிறது. உப்போடு நீரும் வெளியேற, இருதயத்தின் பாரம் இறங்குகிறது. ஆனால் இருதயத்தின் பழுது அப்படியே இருக்கிறது. வீக்கம் வடிந்ததும் "சுகமாயிற்று" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் மூச்சுத்திணறலோடு திரும்பி வருவது இதனால்தான்.

இம்மாத்திரையால் பொட்டாசியமும் கழிகிறது. மிகவும் குறைந்தால் இருதயத் துடிப்பே தடுமாறும். ஸ்பைரனோலாக்டோன் என்னும் மற்றொரு மாத்திரை பொட்டாசியத்தைக் காக்கும். கடுமையான இருதயத் தளர்ச்சி உள்ளவர்களிடையே அது மரணத்தை 30 சதவீதம் குறைத்ததாக 1999-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அதனால் பொட்டாசியம் மிதமிஞ்சி ஏறவும் கூடும். ஆகவே இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை அவசியம்.

உங்களிலும் இம்மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருப்பீர்கள். இதன் வேகம் ஏறக்குறைய ஆறு மணி நேரம். பிரயாண நாளில் விட்டுவிடாமல், வீடு சேர்ந்தபின் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைக் குறையுங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அதில் பல வகைகள் நீரைத் தேக்கும். மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

மாத்திரையின் விலை அதிகமில்லை. மறுபடியும் மறுபடியும் வரும் பஸ் கட்டணமும், பரிசோதனைச் செலவும், இழக்கும் ஒரு நாள் கூலியுமே மலைவாழ் ஏழைக்குப் பாரம். உங்கள் காணிக்கை தோள் கொடுப்பது அந்த இடத்தில்தான். அவர்களை உங்கள் ஜெபங்களிலும் நினைத்துக்கொள்ளுங்கள்.