பழைய வெள்ளிக்காசு: கதையைக் கேட்காதீர், காசைப் பாரீர்



"ஆற்று மணலில் கிடைத்தது அண்ணாச்சி, யவனர் காசு, அலெக்சாண்டர் காலத்தது. பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும், வந்த விலைக்குத் தருகிறேன்" என்று கறுத்துப்போன வெள்ளிக்காசை நீட்டினால், கல்லாவில் இருக்கும் நமக்குச் சற்று ஆசை வரத்தான் செய்யும். அந்த ஆசைக்குத்தான் இந்தக் கட்டுரை.

இப்படிச் சொல்லும் கதை முழுப் பொய்யாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். பாதி மெய் என்பதால்தான் எடுபடுகிறது. தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருந்த கொற்கையின் முத்து வணிகத்தைக் கிரேக்க மாலுமி ஒருவர் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வும் செய்தது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த செலூக்கியர் காசுகள், ரோட்ஸ், கிரீட் தீவுகளின் காசுகள் ஆகியவற்றை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து எழுதியுள்ளார். ஆகவே யவனர் காசு தமிழ்நாட்டில் கிடைத்தது உண்மை. நம் முன் நீட்டப்படும் காசு அதுதானா என்பதே கேள்வி.

காசைச் சோதிப்பது வணிகருக்குப் புதிய வேலை அல்ல. சங்க காலத்தில் நாணயம் நோட்டம் பார்ப்பவருக்கு வண்ணக்கன் என்று பெயர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று புலவர் ஒருவரே இருந்திருக்கிறார். கிரேக்கத்து ஏதென்ஸ் நகரிலும் இதே வேலை இருந்தது. கி.மு. 375ஆம் ஆண்டையொட்டிய சட்டக் கல்வெட்டு ஒன்று அந்நகரச் சந்தைவெளியில் 1970இல் கிடைத்தது. அதன்படி, காசு மாற்றுவோரின் மேசைகளுக்கு நடுவே அரசு நோட்டக்காரர் உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருக்கும் கள்ளக்காசை அவர் அங்கேயே வெட்டிவிட வேண்டும். அவர் நல்லது என்று சொன்ன காசை வாங்க மறுக்கும் வியாபாரியின் அன்றைய சரக்கு பறிமுதல். நோட்டக்காரர் வேலைக்கு வராவிட்டால் அவருக்கு 50 கசையடி!

அந்தக் காலத்து வணிகர், மூட்டையில் குத்தூசி போட்டு அரிசி பார்ப்பதுபோல, காசின் மேல் உளி வைத்து வெட்டி உள்ளே பார்த்தார்கள். அப்படி வெட்டுப்பட்ட ஏதென்ஸ் காசுகள் ஏராளம். நாம் அதைச் செய்யக்கூடாது. வெட்டுவது, உரைகல்லில் தேய்ப்பது, புளி போட்டு விளக்குவது எல்லாம் மெய்யான காசையும் கெடுத்துவிடும். கெடுக்காமல் பார்க்க வழிகள் உள்ளன.

முதலாவது, எடை. ஏதென்ஸின் ஆந்தைக் காசும், அலெக்சாண்டரின் பெரிய வெள்ளிக்காசும் சுமார் 17.2 கிராம். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்து தினாரியஸ் 3.7 முதல் 3.9 கிராம் வரை. தேய்ந்த காசு சற்றுக் குறையலாம். தெளிவாகக் கூடுதலாக இருந்தால் சந்தேகிக்க வேண்டும். நம் மளிகைத் தராசு இதற்கு உதவாது. நகைக்கடைத் தராசு வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர்ச் சோதனை. தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுக்க வேண்டும். சுத்த வெள்ளிக்கு 10.5 வரும். செம்புக்கு 9க்குச் சற்றுக் குறைவு, ஈயத்துக்கு 11.3. உதாரணமாக 17.20 கிராம் காசு தண்ணீரில் 1.65 காட்டினால் 10.4, நல்ல வெள்ளியாக இருக்கலாம். 1.92 காட்டினால் வெள்ளி முலாம் பூசிய செம்பு என்று கொள்ளலாம்.

ஆனால் இது உலோகத்தைச் சொல்லுமே தவிர வயதைச் சொல்லாது. நேற்று நல்ல வெள்ளியில் செய்த போலியும் இதில் தேறிவிடும். ஈயமும் வெள்ளீயமும் அளவாகக் கலந்தாலும் இதே எண் வரும். செம்பின்மேல் வெள்ளித்தகடு போர்த்திய கள்ளக்காசு அந்தக் காலத்திலேயே உண்டு என்பதால், செம்பு தெரிந்தாலும் காசு பழையதாக இருக்கக்கூடும்.

மூன்றாவது, ஓரமும் முகமும். பழங்காசு அச்சின் நடுவே வைத்துச் சம்மட்டியால் அடித்தது. வார்த்த போலியில் ஓரத்தைச் சுற்றி அராவிய கோடு, பரப்பில் சிறு குமிழிகள், மழுங்கிய எழுத்து ஆகியவை தெரியும். பூதக்கண்ணாடி போதும். கையால் அடித்த காசில் ஒன்றுபோல் மற்றொன்று இராது. ஒருவர் கொண்டுவரும் 5 காசிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால், எல்லாம் ஒரே வார்ப்பு என்று கொள்ளுங்கள்.

கல்லில் போட்டு ஓசை கேட்பதை நம்பாதீர்கள். பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த வெள்ளி நொறுங்கும் தன்மை அடைந்து, மெய்யாக இருந்தும் ஓசை தராமல் போகும். கீழே போட்டால் உடைந்தும் போகும்.

இத்தனையும் தேறிவிட்டால் வாங்கலாமா? அங்கேதான் சட்டம் வருகிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த நாணயமும் தொல்பொருள். அதை வியாபாரமாக வாங்கி விற்க உரிமம் தேவை. வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு அனுமதி இல்லை.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். காசு போலியானால் முதல் போயிற்று. மெய்யாகவே மண்ணில் எடுத்ததானால், அது கலெக்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய பொருள். இரண்டு வழியிலும் நமக்கு லாபம் இல்லை. முன்பின் அறியாதவரிடம் வாங்காமல் இருப்பதே நல்ல வியாபாரம். வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்துக் காசு இருந்தால், விளக்காமல் அப்படியே காகிதத்தில் மடித்து நெல்லை அரசு அருங்காட்சியகத்தில் காட்டி விசாரியுங்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். ஆற்றிலே எடுத்தேன் என்று ஒருவர் கொண்டு வந்தாலும் அளந்து பார்க்கத்தான் வேண்டும்.