ஃபேன் அடங்கும், விசில் அடங்காது

நெய்வேலி நகரியத்தில் பகல் தூக்கத்தை யாரும் சோம்பேறித்தனமாக நினைப்பதில்லை. சுரங்கமும் அனல்மின் நிலையமும் மூன்று ஷிப்டும் ஓடுகிற ஊர் இது. காலை பத்து மணிக்கு எந்தக் குடியிருப்பு வட்டத்துக்குள் நுழைந்தாலும், நைட் ஷிப்ட் முடித்து வந்த யாரோ ஒருவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கண்ணை மூடப் போராடிக்கொண்டிருப்பார். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். அடுப்படியில் குக்கர் விசிலடிக்கும், மிக்ஸி அலறும். வாசலில் காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டே போவார். இப்படிப்பட்டவர்களின் கண்ணில்தான் அந்த விளம்பரம் படுகிறது: வயர் இல்லாத, இரைச்சலை நீக்கும் இயர்பட், விலை 2,000 ரூபாய். பெயர் பெற்ற கம்பெனிகள் இதே வேலைக்கு 25,000 ரூபாயும் அதற்கு மேலும் கேட்கின்றன. பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விலைக்குக் கிடைப்பது அசலா, கண்துடைப்பா? அசல்தான் என்பது என் வாதம். ஆனால் எல்லா இரைச்சலுக்கும் அது அசல் இல்லை. எந்தச் சத்தத்தை அது அடக்கும், எதை அடக்காது என்பது பெட்டியில் அச்சாகியிருப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது இயற்பியல்.

தத்துவம் பழையது. ஒலி என்பது காற்றில் ஏற்படும் அழுத்த ஏற்ற இறக்கம். ஏற்றம் வரும் நேரத்தில் அதே அளவு இறக்கத்தை உண்டாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஜெர்மானியரான பால் லூக் 1930களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். செய்து காட்டத்தான் அன்று மின்னணுவியல் வளர்ந்திருக்கவில்லை. கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போன ஒரு வங்காளியின் மகனான அமர் போஸ், 1978இல் விமானத்தில் பயணம் செய்தபோது, என்ஜின் இரைச்சலில் பாட்டு கேட்க முடியாமல் அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார். அவருடைய கம்பெனி 1989இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கருவி விமானிகளுக்கானது. காரணம் இருக்கிறது. விமான என்ஜினின் சத்தம் தாழ்ந்த சுருதியில் இடைவிடாமல் ஒரே மாதிரி வருவது. இந்தத் தொழில்நுட்பத்துக்கு அதைவிடச் சுலபமான எதிரி கிடையாது.

ஏன் சுலபம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. இயர்பட்டின் வெளிப்புறத்தில் உள்ள மைக் சத்தத்தைப் பிடிக்கிறது. சிப் அதற்கு எதிர் அலையைக் கணக்கிடுகிறது. உள்ளிருக்கும் குட்டி ஸ்பீக்கர் அதை வெளியிடுகிறது. மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒலி அதைக் கடக்க 58 மைக்ரோ விநாடிதான் ஆகும். அதற்குள் சிப் வேலையை முடித்தாக வேண்டும். முடிக்காமல் 0.16 மில்லி விநாடி தாமதமாகிவிட்டது என்று வைப்போம். 100 ஹெர்ட்ஸ் சத்தத்தில் ஓர் அலை முடிய 10 மில்லி விநாடி ஆகும். அந்த நீளத்தில் 0.16 என்பது ஒரு பொருட்டே இல்லை. அலையின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். டெசிபலில் சொன்னால் 20 குறையும். அதே தாமதத்தோடு 1,000 ஹெர்ட்ஸுக்கு வாருங்கள். அங்கே ஓர் அலையின் ஆயுளே ஒரு மில்லி விநாடி. தாமதம் அதில் ஆறில் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால் சத்தம் ஏறத்தாழ அப்படியே கேட்கும். 3,000 ஹெர்ட்ஸில் நிலைமை இன்னும் மோசம்: எதிர் அலை தாமதித்து வந்து, அடக்க வேண்டிய அலையோடு கைகோத்து, அதன் உயரத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிடும். அதனால்தான் எந்தக் கம்பெனியும் உச்சஸ்தாயியில் இந்த வித்தையைக் காட்டத் துணிவதில்லை. அங்கே எதிர் அலையை வேண்டுமென்றே வடிகட்டிவிடுகிறார்கள். விலை ஏற ஏற வேகமான சிப், கூடுதல் மைக், நுட்பமான கணக்கு என்று வந்து அடங்கும் எல்லை மேலே நகர்கிறது. கீழே, சில நூறு ஹெர்ட்ஸுக்குள், மலிவான சிப்புக்கே போதுமான அவகாசம் இருக்கிறது.

அந்தக் கீழ்ப் பகுதிதான் நெய்வேலியின் சொந்தச் சுருதி. அனல்மின் நிலையத்தின் டர்பைன் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. அதாவது விநாடிக்கு 50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக வருவது இதனால்தான். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம் மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குவதால் அதன் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் கேட்கிறது. அதே மின்சாரத்தில் ஓடும் பழைய ஃபேன் மோட்டாரின் முனகலும் அதே 100தான். 1962 முதல் இந்த ஊர் மின்சாரம் தயாரித்து அனுப்புகிறது. அதன் ரீங்காரத்தையும் தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் சேர்த்தே அனுப்புகிறது என்று விளையாட்டாகச் சொல்லலாம். ஏசி கம்ப்ரஸர், பஸ் என்ஜின், ரயில் பெட்டியின் உறுமல் எல்லாம் பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த பகுதியைச் சேர்ந்தவை. இவற்றை 2,000 ரூபாய் இயர்பட் காதில் தெரியும்படி குறைக்கும். குக்கர் விசில், மிக்ஸி, ஹாரன், பக்கத்து அறைப் பேச்சு ஆகியவை அதன் கைக்கு எட்டாதவை.

எட்டாதவற்றையும் ஓரளவு குறைப்பது ஒன்று உண்டு. அது சிப் இல்லை, காதுத் துளையை அடைக்கும் சிலிக்கோன் குமிழ். உயர்ந்த சுருதிகளை வெறும் அடைப்பே தடுத்துவிடும். தாழ்ந்த சுருதிகளுக்கும் இந்த அடைப்பு வேண்டும். எதிர் அலை காதுக்குள் தங்க வேண்டுமே. குமிழ் சற்றுத் தளர்ந்தாலும் முதலில் கசிந்துபோவது பாட்டின் பேஸும் இரைச்சல் நீக்கமும்தான். பெட்டிக்குள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று வரும் குமிழ்களில் பொருந்துவதைப் பார்த்துப் பார்த்து மாற்றிப் போடுகிறவர்கள் குறைவு. முதலில் மாட்டியிருந்ததோடு கேட்டுவிட்டு "சுத்த டுபாக்கூர்" என்று விமர்சனம் எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்குக் குறை குமிழில்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

இனி பெட்டியில் போட்டிருக்கும் எண். "45 டெசிபல்" என்றால் அலையின் உயரத்தில் இருநூறில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக மட்டுமே மிஞ்ச வேண்டும். 100 ஹெர்ட்ஸில்கூட அதற்கு 9 மைக்ரோ விநாடிக்கு மேல் பிசகக் கூடாது. ஏதோ ஒரு சுருதியில், சோதனைக்கூடத்தில், குமிழ் கச்சிதமாகப் பொருந்தியபோது எட்டிய உச்சம் அது, சராசரி அல்ல. மைலேஜ் விளம்பரத்தை நம்புகிற அளவுக்கு இதை நம்பினால் போதும். இதைவிடப் பெரிய மயக்கம் இரண்டு சுருக்கெழுத்துகளில் இருக்கிறது. ஏ.என்.சி. என்றால் உங்கள் காதுக்கு வரும் இரைச்சலை நீக்குவது. ஈ.என்.சி. என்றால் நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள இரைச்சல் எதிர்முனையில் இருப்பவருக்குப் போகாமல் வடிகட்டுவது. இரண்டாவது மட்டும் உள்ள 900 ரூபாய்ப் பொருளை வாங்கிவிட்டு ஃபேன் சத்தம் குறையவில்லையே என்று நொந்துகொள்வதில் பயனில்லை.

"இருபது ரூபாய்க்கு மருந்துக்கடையில் பஞ்சு மாதிரி நுரை அடைப்பான் கிடைக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தூக்கத்துக்கு மட்டும் என்றால் என் ஓட்டும் அதற்குத்தான். சரியாக உருட்டிச் செருகினால் விசிலையும் பேச்சையும் அது இயர்பட்டைவிட நன்றாகத் தடுக்கும், ஒருக்களித்துப் படுத்தாலும் உறுத்தாது, சார்ஜும் வேண்டாம். பாட்டோ பாடமோ கேட்க வேண்டும் என்றால்தான் இயர்பட்டுக்கு வேலை வருகிறது. இன்னொரு பயம், "எதிர் ஒலியும் ஒலிதானே, காதுக்கு இரட்டிப்புச் சுமை ஆகாதா?" என்பது. செவிப்பறை உணர்வது இரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே. கூட்டினால் குறைகிறது என்றால் செவிப்பறையின் ஆட்டமும் குறைகிறது. சிலருக்குக் காதடைத்த மாதிரி ஓர் அழுத்தம் தோன்றுவது உண்மை. அப்படித் தோன்றினால் எந்த விலையிலும் இது அவர்களுக்கு ஒத்துவராது. ப்ளூடூத் தாமதத்தையும் இதோடு குழப்ப வேண்டியதில்லை. இரைச்சல் கணக்கு இயர்பட்டுக்குள்ளேயே நடக்கிறது. போனோடு இணைக்காமலே அது வேலை செய்யும்.

மலிவான கருவியின் உண்மையான மதிப்பு, என் கணக்கில், நிசப்தத்தைவிட வால்யூமில் இருக்கிறது. நெய்வேலி ஆர்ச் கேட்டில் சென்னை பஸ் ஏறுகிறவர் சாதாரண இயர்போனில் என்ன செய்கிறார்? என்ஜின் உறுமலை மிஞ்சப் பாட்டை ஏற்றுகிறார்; நான்கைந்து மணி நேரம் அப்படியே கேட்கிறார். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 89 டெசிபலுக்கு வந்தால் வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான். சென்னைக்கு ஒரு நடை போனாலே தீர்ந்துவிடும். உறுமல் 15 டெசிபல் குறைந்தால் பாட்டைப் பாதி வால்யூமிலேயே கேட்கலாம். இதற்கு 25,000 ரூபாய் செலவழிக்க வேண்டியதில்லை.

விலை குறைந்ததில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. சத்தமில்லாத அறையில் மைக்கின் மெல்லிய "ஸ்ஸ்ஸ்" கேட்கும். காற்றடித்தால் வெளி மைக் அதையும் இரைச்சலாக்கி உள்ளே தள்ளும். பொட்டு அளவு லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஆனதும் தளரும், மாற்ற வழியில்லை. இரண்டு வருஷம் உழைத்தால் நாளுக்கு மூன்று ரூபாய்க்குள் அடங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது. வாங்கியதும் ஒரே ஒரு சோதனை போதும்: பாட்டுப் போடாமல் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வசதியை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் குமிழை மாற்றுங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

ஓர் இடத்துக்கு மட்டும் இதை எடுத்துப் போகாதீர்கள். சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரமும் கன்வேயரும் ஓடும் இடத்தில் இது பாதுகாப்புக் கருவி ஆகாது. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலை எச்சரிக்கை வரம்பாகவும் 90ஐ அபாய வரம்பாகவும் வைத்திருக்கிறது. அந்தச் சத்தத்தில் இரும்போடு இரும்பு உரசும் உயர்ந்த சுருதியும் கலந்திருக்கும். சார்ஜ் தீர்ந்துபோகும் பொருளை அங்கே நம்பியிருக்க முடியாது. பாட்டில் லயித்திருப்பவருக்குப் பின்னால் வரும் வண்டியின் ஹாரனும் கேட்காது. அங்கே போட்டுக்கொள்ள வேண்டியது ஐ.எஸ். 9167 தரம் பெற்ற காதுக் கவசம்.