சைக்கிளில் ஒளிப்பட்டை

திருச்சி கைலாசபுரம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பாரத மிகுமின் நிறுவனமாகிய ‘பெல்’. 1965-இல் தோன்றிய இத்தொழிற்சாலையில் உயர் அழுத்தக் கொதிகலன்கள் செய்யப்படுகின்றன. கொதிகலனுக்குக் காப்பு வால்வு உண்டு. நீராவியின் அழுத்தம் எல்லை மீறினால், வால்வு தானே திறந்து ஆபத்தைத் தவிர்க்கும். இரவில் ஒளிரும் உங்கள் சைக்கிளுக்கும் அப்படியொரு காவல் தேவை என்றால் வியப்பாக இருக்கிறதா?

முன்பு சைக்கிள்களில் 6 வோல்ட், 3 வாட் டைனமோ விளக்கு இருந்தது. சைக்கிள் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். இன்றோ மாணவர் பலர் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையைச் சட்டத்தில் ஒட்டி, மின்கலத்துடன் இணைக்கின்றனர். மீட்டருக்கு 60 எல்.இ.டி. கொண்ட சாதாரணப் பட்டை 4.8 வாட் எடுக்கும், அதாவது 0.4 ஆம்பியர். இரண்டு மீட்டருக்கு 0.8 ஆம்பியர். சிறிய மின்னோட்டந்தானே!

பிறகு ஆபத்து எங்கே? கைப்பிடி திரும்பும் போதெல்லாம் கம்பிகளின் உறை சட்டத்தில் உராய்கிறது. உறை தேய்ந்து இரு கம்பிகளும் எஃகுச் சட்டத்தைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். லித்தியம் மின்கல அடுக்கின் உள்தடை 0.15 ஓம் என்று கொள்வோம். ஓம் விதிப்படி மின்னோட்டம் 12 ÷ 0.15 = 80 ஆம்பியர்! மின்னோட்டம் 100 மடங்கானால் கம்பியில் தோன்றும் வெப்பம் 10,000 மடங்காகும். உறை தீப்பற்ற வேறென்ன வேண்டும்?

எனவே மின்கலத்தின் நேர்முனைக்கு மிக அருகில் 2 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். தள்ளி வைத்தால், இடையிலுள்ள கம்பிக்குக் காவல் இராது. கம்பி, ஃபியூஸைவிட அதிக மின்னோட்டம் தாங்குவதாக இருக்கட்டும்.

அடுத்தது சுவிட்சு. ‘250 வோல்ட் ஏ.சி.’ என்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வீட்டு மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியாவதால், சுவிட்சில் எழும் பொறி எளிதில் அணையும். நேர்மின்னோட்டத்தில் அந்த வசதி இல்லை. ஆகவே டி.சி. அளவு குறித்த சுவிட்சே ஏற்றது.

கைப்பிடியில் மிகச் சிறிய சுவிட்சு வைக்க விரும்பினால், மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர் உதவும். சுவிட்சு அதன் ‘கேட்’ முனைக்கு மின்னழுத்தம் மட்டும் தரும், 0.8 ஆம்பியரை மாஸ்ஃபெட் சுமக்கும். கேட்டுக்கும் எதிர்முனைக்கும் இடையே 10,000 ஓம் மின்தடை வைத்தால், சுவிட்சைத் திறந்ததும் விளக்கு உறுதியாக அணையும்.

ஒன்றை மறவாதீர்கள். ஃபியூஸ் எரிந்தால் சைக்கிள் இருளில் மூழ்கும். தஞ்சாவூர் சாலையில் பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரிய வேண்டுமே! மின்சாரமே வேண்டாத சிவப்புப் பிரதிபலிப்பான் ஒன்றும் பின்னால் இருக்கட்டும்.

சரி, உங்கள் பட்டை 3 மீட்டரானால் மின்னோட்டம் எவ்வளவு? அதே ஃபியூஸ் போதுமா? கணக்கிட்டுப் பாருங்கள்.