முறுக்கை அடக்கும் இரும்பு

குப்பத்திலிருந்து காரில் திருமலைக்குப் போகிறவர்கள் வி.கோட்டா, பலமநேர் வழியாக வந்து மொகிலி மலைச்சாலையில் இறங்கி, சித்தூர் தாண்டி, 1974-இல் திறந்த இரண்டாவது மலைப்பாதையில் ஏறுவார்கள். திரும்பும்போது 1944-இல் திறந்த பழைய பாதையில் இறக்கம். வளைவுக்கு வளைவு வெளிப்பக்கச் சக்கரங்கள் பாரம் தாங்க, உள்பக்கம் இலேசாகும். இதில் சக்கரமும் ஸ்பிரிங்கும் மட்டுமா அசைகின்றன? காரின் கூடே முறுகுகிறது. பழைய கார் என்றால் அது காதிலேயே கேட்கும்: டேஷ்போர்டு கிறீச்சிடும், கதவு ரப்பர் முனகும்.

1998-இல் திருவள்ளூர் ஆலையிலிருந்து வரத் தொடங்கிய மிட்சுபிஷி லான்சரை எடுத்துக்கொள்வோம். லாரிக்கு இருப்பதுபோல் இதற்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகடுகளை ஸ்பாட் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாகச் சேர்த்த கூடுதான் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. பின்பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தை ஒரு டிகிரி திருக எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும் என்பதே அந்தக் கூட்டின் முறுக்கு விறைப்பு. இன்றைய நல்ல செடான்களில் இது 20,000-ஐத் தாண்டும். பழைய கார்களில் பலவும் அதில் பாதியைக்கூட எட்டாது.

விறைப்பு குறைந்தால் என்ன கெடுதல்? கூடும் ஒரு ஸ்பிரிங்தான். ஆனால் அதன் துள்ளலை அடக்க அதற்கென்று ஷாக் அப்சார்பர் இல்லை. நீங்கள் விலை கொடுத்து வாங்கிய புது ஷாக் அப்சார்பர் வேலை செய்யுமுன்பே தகடு வளைந்து கொடுத்துவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் இடையே ஒரு கணம் தொய்வு தெரியும்.

இதற்கு மருந்து கனத்த, வலுவான இரும்பு என்று பலர் நினைக்கிறார்கள். வலிமை வேறு, விறைப்பு வேறு. உயர்வலிமை எஃகு உடைய அதிக விசை கேட்கும். வளைவதோ சாதாரண எஃகு போலத்தான். விறைப்பைக் கூட்டுவது வடிவம். தீப்பெட்டியின் உள்கூட்டைத் தனியே எடுத்து முறுக்கினால் சுலபமாகத் திருகிக்கொள்ளும். உறைக்குள் தள்ளிவிட்டு முறுக்கினால் பிடிவாதம் பிடிக்கும். கணக்கும் இதையே சொல்கிறது. 40 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தகடும் உள்ள குழாயை நீளவாக்கில் கீறிவிட்டால் அதன் முறுக்கு விறைப்பு ஏறக்குறைய 1,200-இல் ஒரு பங்காகிவிடும். எடையில் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது!

காரில் திறந்து கிடக்கும் பெரிய இடம் எஞ்சின் அறை. அதன் இரு ஓரங்களிலும் முன் சஸ்பென்ஷனின் தலைகள் நிற்கின்றன. அவற்றை ஒரு குறுக்குத் தண்டால் இணைப்பதுதான் ஸ்ட்ரட் பார். தண்டு நேராக இருக்க வேண்டும். எஞ்சினுக்கு வழிவிட வளைத்த தண்டும், முனைகளில் ஆடுகிற மூட்டு வைத்த தண்டும் பாதிப் பயனே தரும். அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கு. அதே அளவுக் குழாயில் பளபளப்புக்காக அதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அடியில், சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃப்ரேமையும் தரையையும் பிணைக்கும் பிரேஸ், பல கார்களில் மேல்தண்டைவிட நன்றாக உழைக்கிறது.

ஆனால் 25 வயதுக் கூட்டில் முதல் செலவு இவற்றுக்கல்ல. காரை ஒரு மூலையில் மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடித்தால், கதவுப் படிக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டில் துரு இருக்கிறதா என்று தேட வேண்டும். துரு தின்ற இடம், கீறிய குழாய் போலத்தான். அரித்த தகட்டை வெட்டிப் புதிதாக வெல்டிங் செய்வது, சஸ்பென்ஷனின் நைந்த ரப்பர் புஷ்களை மாற்றுவது, முன்கண்ணாடி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது (ஒட்டிய கண்ணாடியும் விறைப்பில் பங்கு தருகிறது), இவை முடிந்த பிறகே தண்டு. அதன் போல்ட்டுகளையும் நான்கு சக்கரமும் சமதரையில் நிற்கும்போது முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் கோணலையே பூட்டி வைத்ததாகும்.

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலும் ராலிகளிலும் ஓடும் கார்களில் ரோல் கேஜ் என்ற எஃகுக் கூண்டைப் பார்க்கலாம். உருண்டால் ஓட்டுநரைக் காக்க வைத்தது. விறைப்பும் கூடவே வெகுவாக ஏறுகிறது. அங்கே தலையில் ஹெல்மெட், உடம்பில் பல முனை பெல்ட். மலைப்பாதையில் வெறுந்தலையோடு குடும்பத்தை ஏற்றிச் செல்லும் காரில் அதே குழாய் மண்டையைப் பிளந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும், பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. போல்ட் போட்டுக் கழற்றும் தண்டுகளோடு நிறுத்திக்கொண்டு, வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள்.